பல் அடைத்தது ஏன் கழன்று விழுகிறது? பசை பூசும் 20 விநாடிகளில் இருக்கிறது பதில்!

“டாக்டர், போட்டு ஆறு மாசம்தான் ஆச்சு. முறுக்கு, சீடைன்னு எதையும் கடிக்கலை. இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், கழன்று கையில வந்துடுச்சு!”

டிஷ்யூ பேப்பரில் மடித்த, அரிசி அளவுள்ள ஒரு வெள்ளைத் துண்டோடு இப்படி வந்து நிற்பவர்களைப் பார்க்காத பல் மருத்துவர் இருக்க முடியாது. வந்தவர் மனதில் ஓடும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘மட்டமான சிமென்ட் போட்டுட்டாங்களோ?’, ‘காசு கூட கொடுத்து நல்ல கம்பெனி மெட்டீரியல் கேட்டிருக்கணுமோ?’, ‘நம்ம பல்லே வீக்கா?’

பல நேரங்களில் இந்த மூன்றுமே காரணமாக இருப்பதில்லை. விழுந்த துண்டுக்கும் பல்லுக்கும் நடுவே, கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய பசைப்படலம் இருக்கிறது. அதைப் பூசிய விதத்தில் எங்கோ கோளாறு நடந்திருக்கும். ஒரே கம்பெனியின் ஒரே பாட்டிலில் இருந்து எடுத்த பசை ஒருவர் வாயில் பத்து வருடம் நிற்கிறது, இன்னொருவர் வாயில் பத்து மாதம்கூட நிற்பதில்லை.

‘விழுந்தா என்ன, திரும்ப அடைச்சுக்கிட்டா போச்சு’ என்று எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு முறை திரும்ப அடைக்கும்போதும் ஓரத்தைச் சுத்தம் செய்ய, கொஞ்சம் நல்ல பல்லையும் சேர்த்துத்தான் ராவ வேண்டியிருக்கும். சின்ன அடைப்பு பெரிய அடைப்பாகும், அது ரூட் கேனால் ஆகும், பிறகு கேப், கடைசியில் பல்லையே எடுக்கும் நிலை. அதனால் முதல் முறையே சரியாக ஒட்டுவது முக்கியம். அந்த 20 விநாடிகளில் என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முன்பு பசையே இல்லையே?

நம் தாத்தா பாட்டி காலத்தில் பல்லில் அடைத்தது வெள்ளியும் பாதரசமும் கலந்த அமால்கம். அது பல்லோடு ஒட்டாது. உள்ளே அகலமாகவும் வாய்ப்பக்கம் குறுகலாகவும், செம்பு போன்ற வடிவத்தில் குழி ராவி, அதற்குள் அடைப்பார்கள். வாய் குறுகலாக இருப்பதால் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த வடிவத்துக்காகவே சொத்தை இல்லாத பல்லையும் ராவ வேண்டியிருந்தது.

இப்போது போடுவது பெரும்பாலும் காம்போசிட் எனப்படும் பல் நிற ரெசின். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-ல் உருவான மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகமே அமால்கத்தை மெல்ல மெல்லக் கைவிட்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவர் அவசியம் எனக் கருதும் நோயாளிகளைத் தவிர மற்றவர்களுக்கு அமால்கம் போடுவதற்குத் தடை வந்துவிட்டது.

காம்போசிட்டுக்குச் செம்பு வடிவக் குழி தேவையில்லை. சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். ஆனால், அதைப் பிடித்து நிறுத்துவது முழுக்க முழுக்கப் பசையின் பொறுப்பு. அமால்கம் காலத்தில் மருத்துவரின் கவனம் குழியின் வடிவத்தில் இருந்தது. இப்போது அது பசை பூசும் முறைக்கு இடம் மாறியிருக்கிறது.

பெயின்ட் கடையிலிருந்து வந்த யோசனை

பல்லில் எதையாவது ஒட்ட முடியும் என்பதை உலகுக்குக் காட்டியவர் மைக்கேல் புவோனகோர். அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் ராச்செஸ்டர் நகரில் இருந்த பல் மருத்துவர். தொழிற்சாலைகளில் இரும்புக்கு பெயின்ட் அடிக்கும் முன் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைப்பது வழக்கம். அப்போதுதான் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். ‘இதையே பல்லில் செய்து பார்த்தால் என்ன?’ என்று அவர் யோசித்தார். 85 சதவிகித பாஸ்பாரிக் அமிலத்தை 30 விநாடிகள் எனாமலில் வைத்துக் கழுவிவிட்டு, அக்ரிலிக் ரெசினை ஒட்டினார். அமிலம் படாத பல்லைவிட அமிலம் பட்ட பல்லில் அது பல மடங்கு நேரம் தாக்குப்பிடித்தது. 1955-ல் வெளியான அந்தச் சிறிய ஆய்வுக்கட்டுரைதான் இன்றைய ‘ஒட்டும் பல் மருத்துவத்தின்’ தொடக்கம்.

நம்ம ஊர் பஞ்சர் கடையை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். பஞ்சர் ஒட்டுபவர் டியூபை எடுத்தவுடன் சொல்யூஷன் தடவுவதில்லை. முதலில் அரத்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார். தூசியைத் துடைப்பார். சொல்யூஷனைத் தடவி, உடனே பேட்ச் வைக்காமல் கொஞ்சம் காயவிடுவார். அப்புறம்தான் ஒட்டி அழுத்துவார். ஒரு படியை அவசரப்படுத்தினாலும், தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி தள்ள வேண்டியதுதான். பல் பசையிலும் இதே வரிசைதான். என்ன, இங்கே அரத்துக்குப் பதில் அமிலம்!

எனாமல் நண்பன், டென்டின் அடம்

பல்லின் வெளிப்பகுதியான எனாமல், எடையில் சுமார் 96 சதவிகிதம் தாதுக்களால் ஆனது. அமிலம் பட்டதும் அதன் மேற்பரப்பில் நுண்ணிய பள்ளங்கள் விழும். நன்றாகக் காய்ந்த அந்தப் பள்ளங்களுக்குள் பசை இறங்கி இறுகினால், ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிக் கொக்கிகள் போட்டு மாட்டியதுபோலப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே இருக்கும் டென்டின் அப்படியல்ல. எடையில் சுமார் 70 சதவிகிதம்தான் தாது. மீதி, கொலாஜன் என்ற புரத இழைகளும் தண்ணீரும். போதாக்குறைக்கு, பல்லின் உயிர்ப்பகுதியில் இருந்து கிளம்பி வரும் நுண்குழாய்கள் டென்டின் முழுக்க ஓடுகின்றன. உயிர்ப்பகுதிக்கு அருகில் ஒரு சதுர மில்லிமீட்டரில் மட்டும் சுமார் 45,000 குழாய்கள்! ஒவ்வொன்றிலும் திரவம். சொத்தை ஆழமாக ஆக, ஒட்ட வேண்டிய இடம் ஈரமாகிக்கொண்டே போகும். ஈரச் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டுகிற கதைதான்.

டென்டினில் அமிலம் பட்டால் மேலே இருக்கும் தாது கரைந்து, கொலாஜன் இழைகள் மட்டும் வலைபோல மிஞ்சும். அந்த வலைக்குள் பசை ஊடுருவி இறுகினால், பல்லும் இல்லாத பசையும் இல்லாத, இரண்டும் கலந்த ஒரு படலம் உருவாகும். ஜப்பானின் நொபுவோ நாகபாயாஷி 1982-ல் இதைக் கண்டறிந்து விளக்கினார். ‘ஹைப்ரிட் படலம்’ என்று இதற்குப் பெயர். பசை பூசும் முறையில் நாம் பேசப்போகும் எல்லாமே, இந்தப் படலம் ஓட்டை இல்லாமல் உருவாக வேண்டும் என்பதற்காகத்தான்.

நாற்காலியில் படுத்திருக்கும்போது நடப்பது என்ன?

வாயைத் திறந்து படுத்திருக்கும் நமக்கு, புளிப்பு, தண்ணீர், காற்று, நீல வெளிச்சம் என்று ஏதேதோ தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

1. நீல ஜெல்: நேரம்தான் விஷயம்

சிரிஞ்சில் இருந்து வரும், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் ஜெல்தான் பாஸ்பாரிக் அமிலம். இப்போது 35 முதல் 37 சதவிகிதம் வரை உள்ளதைப் பயன்படுத்துகிறார்கள். எனாமலுக்கு 15 முதல் 30 விநாடிகள். டென்டினுக்கு 15 விநாடிகளைத் தாண்டக் கூடாது.

‘கூடுதல் நேரம் வெச்சா இன்னும் நல்லா பிடிக்குமே?’ என்றால், டென்டினில் நடப்பது நேர்மாறு. அமிலம் ஆழமாக இறங்கித் தாதுவைக் கரைத்துவிடும். பசையால் அந்த ஆழம் வரை போக முடியாது. கீழே பசை படாத வெறும் கொலாஜன் மிஞ்சும். முதல் நாள் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால், டென்டினுக்குள்ளேயே இருக்கும் சில என்சைம்கள் அமிலம் பட்டதும் விழித்துக்கொண்டு, பாதுகாப்பில்லாத அந்தக் கொலாஜனை மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். ‘ஆறு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு’ என்பதன் பின்னணியில் இதுவும் ஒரு காரணம்.

அதனால், முதலில் எனாமல் ஓரங்களில் ஜெல்லை வைத்துவிட்டு, கடைசி சில விநாடிகளில் டென்டினுக்கு வருவது நல்ல பழக்கம். பிறகு ஜெல் துளியும் மிஞ்சாமல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

2. காற்று: காயவும் கூடாது, தேங்கவும் கூடாது

எல்லாவற்றிலும் சிக்கலான படி இதுதான். குளத்துப் பாசியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் அழகாக விரிந்து அசையும். கையில் எடுத்து வெளியே போட்டால் சுருண்டு கட்டியாகிவிடும். அமிலம் பட்ட டென்டினின் கொலாஜன் இழைகளும் அப்படித்தான். ஈரம் இருக்கும் வரை விரிந்து நின்று பசைக்கு வழிவிடும். காற்றை வேகமாக அடித்துக் காயவைத்தால் படுத்துவிடும். பசை உள்ளே போக இடமே இருக்காது.

இது நீண்ட காலம் தெரியாமல் இருந்தது. ‘நன்றாகக் காயவைத்து ஒட்டு’ என்பதே பாடமாக இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான் கான்கா உள்ளிட்டோர், ஈரமான டென்டினில்தான் பசை கூடுதலாகப் பிடிக்கிறது என்று காட்டிய பிறகு பாடம் மாறியது.

சரி, அப்படியானால் தண்ணீர் தேங்கி இருக்கலாமா? அதுவும் ஆகாது. அதிகத் தண்ணீர் பசையை நீர்க்கச் செய்து, நடுவே நீர்க்குமிழிகளை விட்டுவிடும். மினுமினுப்பு தெரிய வேண்டும், ஆனால் குளம் கட்டக் கூடாது. நேராகக் காற்று அடிப்பதற்குப் பதில் சிறு பஞ்சாலோ ஸ்பாஞ்சாலோ ஒற்றி எடுப்பது பாதுகாப்பானது. தவறிப்போய்க் காய்ந்துவிட்டால், ஈரமான மைக்ரோபிரஷ்ஷால் மறுபடி நனைத்து இழைகளை எழுப்பிக்கொள்ளலாம்.

அடைத்த பிறகு ‘ஜில்’லென்று தண்ணீர் குடித்தால் சுரீர் என்கிறதா? பசை மூடாமல் விட்ட நுண்குழாய்களில் திரவம் அசைவதுதான் அந்தக் கூச்சத்துக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கூச்சம் வந்துபோவது வேறு, வாரக்கணக்கில் நீடிப்பது வேறு. நீடித்தால் மருத்துவரிடம் திரும்பப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

3. குட்டி பிரஷ்: தடவாதே, தேய்!

நுனியில் சிறு பஞ்சு உருண்டைபோல இருக்கும் மைக்ரோபிரஷ்ஷில் பசையைத் தொட்டு எடுப்பார்கள். ஒரு தடவு தடவிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்களா, 15, 20 விநாடிகள் அழுத்தித் தேய்க்கிறார்களா என்பதில்தான் பெரிய வித்தியாசம் வருகிறது.

தேய்ப்பதால் நடப்பவை மூன்று. பசை கொலாஜன் வலைக்குள் கட்டாயமாகத் தள்ளப்படுகிறது. பசையில் கலந்திருக்கும் கரைப்பான் சீக்கிரம் ஆவியாகிறது. அமிலத்தன்மை உள்ள பசையாக இருந்தால், பல்லைத் தொட்டு வேலை முடிந்த பசை விலகி, புதிய பசை வந்து பல்லைத் தொடுகிறது.

பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் அலெசாண்ட்ரா ரெய்ஸ், அலெசாண்ட்ரோ லோகுவேர்சியோ குழுவினர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். மெதுவாகத் தடவுவதைவிட அழுத்தித் தேய்த்தால் ஒட்டும் வலிமை கூடுகிறது என்று ஆய்வகத்தில் கண்டதோடு அவர்கள் நிற்கவில்லை. நோயாளிகளின் வாயில் அடைத்து இரண்டு வருடங்கள் கண்காணித்தபோதும், தேய்த்துப் பூசியவையே கூடுதலாக நிலைத்திருந்தன. தனியாகச் செலவு எதுவும் கிடையாது. அதே பிரஷ், அதே பசை, கை அசைவு மட்டும்தான் வேறு!

இன்று பரவலாகப் பயன்படும் பல பசைகளின் செய்முறைக் குறிப்பிலேயே ‘20 விநாடிகள் தேய்க்கவும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். கூட்டம் நிறைந்த மாலை நேரத்தில் அந்த 20 விநாடி 7 விநாடியாகச் சுருங்குவதற்கு வாய்ப்பு அதிகம். கடிகாரத்தைப் பார்க்காமல் மனதுக்குள் எண்ணினால் நாம் எல்லோருமே வேகமாகத்தான் எண்ணுவோம்.

4. மீண்டும் காற்று: சொல்யூஷன் காயட்டும்

பஞ்சர் கடையில் சொல்யூஷனைக் காயவிடும் அதே கட்டம் இது. பசை நன்றாக ஊடுருவ வேண்டும் என்பதற்காக அதில் அசிட்டோன், எத்தனால், தண்ணீர் போன்ற கரைப்பான்களைக் கலந்திருப்பார்கள். உள்ளே போனதும் அவற்றின் வேலை முடிந்தது, வெளியேறிவிட வேண்டும். வெளியேறாமல் விளக்கடித்து இறுக்கிவிட்டால், பசை முழுமையாக இறுகாது. நுண் துளைகளோடு இருக்கும் அந்தப் படலத்துக்குள் எச்சில் ஈரம் மெல்ல மெல்ல ஊறும்.

முதலில் தூரத்தில் இருந்து மெல்லிய காற்று, பிறகு நெருங்கிக் கொஞ்சம் வேகமான காற்று. குறைந்தது 5 விநாடிகள். எண்ணுவதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்ல வழி. காற்று பட்டால் பசையின் மேற்பரப்பில் அலை அடிக்கிறது என்றால் இன்னும் கரைப்பான் இருக்கிறது என்று அர்த்தம். அலை நின்று, ஒரே சீரான பளபளப்பு தெரிந்தால் தயார்.

எடுத்ததுமே வேகமாக அடித்தால் பசை சிதறி, சில இடங்களில் இல்லாமலே போகும். அடிக்காமல் விட்டால் மூலைகளில் தேங்கும். பல பசைகள் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியாது. அதனால் தேங்கிய பசை, பின்னாளில் எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடாகத் தெரிந்து, ‘அடியில் சொத்தை’ என்று தவறாக எண்ண வைத்துவிடலாம்.

அந்தக் காற்றும் சுத்தமாக இருக்க வேண்டும். கம்ப்ரஸரில் இருந்து எண்ணெய்த் துளியோ தண்ணீரோ சேர்ந்து வந்தால் இவ்வளவு உழைப்பும் வீண். கண்ணாடியில் ஒருமுறை காற்றை அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

5. நீல விளக்கு: கிட்டே, நேரே, அசையாமல்

சுமார் 450 முதல் 480 நானோமீட்டர் அலைநீளம் உள்ள நீல ஒளிதான் பசையை இறுக்குகிறது. பெரும்பாலான பசைகளுக்கு 10 விநாடிகள். விளக்கு விலகினாலும் சாய்ந்தாலும் உள்ளே போகும் ஒளி குறைந்துவிடும். கடைவாய்ப் பல்லின் ஆழமான குழிக்குள் விளக்கின் நுனி எட்டாத இடத்தில், கூடுதல் நேரம் காட்டுவது புத்திசாலித்தனம். விளக்கின் நுனியில் பழைய ரெசின் ஒட்டியிருந்தாலும் ஒளி மங்கும். மருத்துவர் அதை ஆரஞ்சு கண்ணாடி வழியாகப் பார்ப்பது கண்ணைப் பாதுகாக்க. நீங்களும் அந்த வெளிச்சத்தை நேராகப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வது நல்லது.

இறுகும்போது காம்போசிட் கன அளவில் ஏறக்குறைய 2 முதல் 3 சதவிகிதம் சுருங்கும். அப்படிச் சுருங்கும் வேகத்தில் சுவரில் இருந்து பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். பசை அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். அதனால்தான் மொத்தமாக அப்பாமல், அடுக்கு அடுக்காக வைத்து இறுக்குகிறார்கள்.

எவ்வளவு வலிமை போதும்?

பிடுங்கி எடுத்த பல்லில் காம்போசிட்டை ஒட்டி, ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள சின்னச் சின்னக் குச்சிகளாக அறுத்து, இரண்டு பக்கமும் இழுத்து எப்போது பிய்கிறது என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். ஜப்பானின் ஹிடெஹிகோ சானோ குழுவினர் 1994-ல் அறிமுகப்படுத்திய முறை இது. 5 டிகிரி, 55 டிகிரி தண்ணீரில் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான தடவை முக்கி எடுத்தும் சோதிப்பார்கள். ஐஸ்க்ரீமும் சுடச்சுட காபியும் மாறி மாறி வாய்க்குள் போவதற்குச் சமம்.

சுருங்கும் இழுப்பைத் தாங்க 17 முதல் 20 மெகாபாஸ்கல் வரையாவது வேண்டும் என்பது பாடநூல்களில் வெகுகாலமாக இருக்கும் கணக்கு. 20 மெகாபாஸ்கல் என்றால், ஒரு சதுர மில்லிமீட்டரில் இரண்டு கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல. குண்டூசித் தலை அளவு இடத்தில் இரண்டு அரிசிப் பாக்கெட்!

எல்லா இடத்திலும் அதிக வலிமைதான் நல்லது என்றும் சொல்ல முடியாது. பல் சீரமைப்புக்குப் போடும் கிளிப்பை, சிகிச்சை முடிந்ததும் எனாமல் சேதமாகாமல் எடுக்க வேண்டும் அல்லவா? அதனால் அதற்கு 6 முதல் 8 மெகாபாஸ்கல் போதும் என்று 1975-லேயே ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். இன்றும் அந்தக் கணக்கைத்தான் பலரும் சொல்கிறார்கள்.

எச்சில்தான் முதல் எதிரி

அமிலம் வைத்துக் கழுவிய பல்லில் எச்சில் பட்டால், அதில் உள்ள புரதம் சில விநாடிகளிலேயே படலமாக ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பசையைப் பூசினாலும், அது பல்லைத் தொடாது. ஈறில் இருந்து கசியும் ரத்தமும் அப்படியே. எச்சில் பட்டுவிட்டது என்றால் வெறுமனே காற்றடித்துவிட்டுத் தொடரக் கூடாது. கழுவி, சிறிது நேரம் மறுபடி அமிலம் வைத்து, மறுபடி கழுவித்தான் தொடர வேண்டும்.

இதற்காகவே இருப்பது ரப்பர் டேம். மெல்லிய ரப்பர் தாளில் துளை போட்டு, வேலை செய்யும் பல்லை மட்டும் வெளியே எடுத்து நிறுத்துவார்கள். நியூயார்க்கில் சான்ஃபோர்டு பார்னம் என்ற பல் மருத்துவர் 1864-ல் கண்டுபிடித்தது. ‘மூச்சு முட்டுமோ’ என்று பயந்து நிறைய பேர் வேண்டாம் என்கிறார்கள். மூக்கால் மூச்சு விட முடிந்தால் பிரச்னை இல்லை. சளி, மூக்கடைப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம், அல்லது பஞ்சு உருளை, உறிஞ்சுகுழாய் கொண்டு சமாளிப்பார்கள்.

அழுது அடம்பிடிக்கும் குழந்தையின் வாயை உலர்வாக வைக்கவே முடியாது. அங்கே காம்போசிட்டைக் கட்டாயப்படுத்துவதைவிட, பல்லோடு தானே வேதிப்பிணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும் கிளாஸ் அயனோமர் சிமென்ட் நல்ல தேர்வு. வலிமை குறைவுதான், ஆனால் ஈரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஃப்ளோரைடும் வெளிவிடும். ‘வெள்ளையா பளபளன்னு இல்லையே’ என்று டாக்டரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அமில ஜெல் இல்லாத பசையும் உண்டா?

உண்டு. செல்ஃப் எட்ச் எனப்படும் பசைகளில் அமிலத்தன்மை பசைக்குள்ளேயே இருக்கும். தனியாக ஜெல், கழுவுதல், ‘ஈரமா காய்ச்சலா’ என்ற குழப்பம் எதுவும் இல்லை. டென்டினுக்கு இது வசதி. ஆனால் எனாமலில், இந்த மென்மையான அமிலம் போதுமான ஆழத்துக்குப் பள்ளம் போடாது.

இரண்டின் நல்லதையும் எடுத்துக்கொள்ளும் வழி, எனாமல் ஓரத்தில் மட்டும் அமில ஜெல் வைத்துக் கழுவிவிட்டு, பிறகு எல்லா இடத்திலும் செல்ஃப் எட்ச் பசையையோ யுனிவர்சல் பசையையோ தேய்ப்பது. யுனிவர்சல் பசைகளில் பலவற்றில் 10-எம்.டி.பி என்ற மூலக்கூறு இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் குராரே நிறுவனம் உருவாக்கியது. பல்லின் கால்சியத்தோடு நேரடியாகக் கைகோத்துக்கொள்வது இதன் சிறப்பு. கைகோக்க நேரம் வேண்டுமே? அதற்கும்தான் அந்த 20 விநாடித் தேய்ப்பு.

இந்த மூன்றையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்

கிராம்பு எண்ணெய் வைத்தீர்களா? பல் வலி வந்தால் பஞ்சில் கிராம்புத் தைலத்தை நனைத்து வைப்பது நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. அதில் உள்ள யூஜெனால் வலியைக் குறைக்கும். ஆனால், ரெசின் இறுகுவதைத் தடுக்கும் குணமும் அதற்கு உண்டு. தற்காலிகமாக அடைக்கும் சில சிமென்ட்களிலும் இதே யூஜெனால்தான். தெரிந்தால் மருத்துவர் குழியை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு ஒட்டுவார்.

பல் வெண்மையாக்கும் சிகிச்சை செய்தீர்களா? பிளீச்சிங் முடிந்ததும் பல்லில் தங்கியிருக்கும் ஆக்ஸிஜன், பசை இறுகுவதைக் கெடுக்கும். ஒன்று முதல் இரண்டு வாரங்கள் இடைவெளி விட்டு அடைப்பதே வழக்கம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் கவனிக்கவும்.

தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊரில் வளர்ந்தீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பற்களில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறையோடு இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ‘ஃப்ளோரோசிஸ் தணிப்பு’ என்பதும் சேர்ந்திருப்பது இதனால்தான். ஃப்ளோரோசிஸ் பாதித்த எனாமலின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் மசியாது. வழக்கமான 15, 30 விநாடிகள் அங்கே போதாமல் போகலாம். மேற்பரப்பை லேசாக ராவியோ, அமில ஜெல்லைக் கூடுதல் நேரம் வைத்தோ ஒட்ட வேண்டியிருக்கும்.

நம் பங்கு என்ன?

‘இதெல்லாம் டாக்டர் வேலை, நமக்கென்ன’ என்று விட்டுவிட முடியாது. ஒட்டும் அந்தச் சில நிமிடங்களில் நோயாளியும் ஒரு கூட்டாளிதான்.

* அமில ஜெல் வைத்ததில் இருந்து விளக்கு அணையும் வரை வாயை மூடாதீர்கள், நாக்கால் தொட்டுப் பார்க்காதீர்கள். எழுந்து துப்புவதும் வேண்டாம். ஏதாவது தொந்தரவு என்றால் இடது கையைத் தூக்கினால் போதும்.

* போன் வந்தால் எடுக்க வேண்டாம். ‘ஒரு நிமிஷம் டாக்டர்’ என்று நீங்கள் பேசி முடிப்பதற்குள், தயாராக வைத்த பல்லில் எச்சில் பட்டிருக்கும். கிண்ணத்தில் எடுத்து வைத்த பசையின் கரைப்பானும் பறந்திருக்கும்.

* ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் வருகிறது என்றால், முதலில் பல் சுத்தம் செய்து ஈறைச் சரிசெய்த பிறகு அடைக்கலாமா என்று கேளுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போவதில் பெரும்பாலும் நஷ்டமில்லை.

* ‘சீக்கிரம் முடிச்சுடுங்க, ஆபீஸுக்கு லேட்டாகுது’ என்று நெருக்காதீர்கள். நீங்கள் மிச்சப்படுத்தும் ஐந்து நிமிடம், பசைக்குக் கொடுக்க வேண்டிய நேரமாக இருக்கலாம்.

* ‘ரப்பர் டேம் போடுவீங்களா டாக்டர்?’ என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

* அடைப்பு விழுந்துவிட்டால், துண்டைத் தேடி எடுத்து வீட்டில் இருக்கும் சூப்பர் க்ளூவால் ஒட்ட முயலாதீர்கள். அது வாய்க்கானது அல்ல. அந்தப் பக்கம் மெல்லாமல், துண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். துண்டின் அடியில் பல் ஒட்டியிருக்கிறதா, பசை ஒட்டியிருக்கிறதா என்பதைப் பார்த்தே, எங்கே பிடி விட்டது என்று அவரால் ஓரளவு சொல்ல முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில அடைப்புகள் விழத்தான் செய்யும். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கு, ஈறோரம் எனாமலே இல்லாத இடத்தில் அடைத்தவர்களுக்கு, ஓரத்தில் புதிதாகச் சொத்தை வந்தவர்களுக்கு விழ வாய்ப்பு அதிகம். எந்தப் பசையும் ஆயுளுக்கும் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆனால், ஆறே மாதத்தில் விழுந்த ஒன்றைத் திரும்ப அடைக்கப் போகிறீர்கள் என்றால், ‘இந்த முறை எந்த கம்பெனி மெட்டீரியல்?’ என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். நேரம் இருக்கும் நாளாகப் பார்த்து, கூட்டம் குறைவான காலை நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, அந்தக் குட்டி பிரஷ் பல்லில் தேய்வதை மட்டும் கவனியுங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக 20 வரை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்கும் வரை பிரஷ் நகர்ந்துகொண்டே இருந்தால், நல்ல கையில்தான் உங்கள் பல் இருக்கிறது!